எல்லையைத் தரையில தாண்டிப் பாருங்க

"பத்து நாள், எட்டு நாடு, மூணு வேளையும் நம்ம ஊர் சாப்பாடு!"

பேப்பருக்குள்ள செருகி வந்த நோட்டீஸ் இது. பார்த்ததும் எனக்குச் சுர்ருன்னு கோபம் வந்துடுச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நாட்டுக்கு ஒண்ணேகால் நாள். அதுல தூக்கம் போக, பஸ்ல உக்கார்ற நேரம் போக, மிச்சம் என்ன இருக்கும்? ஒரு கோபுரம், ஒரு போட்டோ, ஒரு சாவிக்கொத்து.

வயசானவங்களுக்கு அந்த மாதிரி டூர் பெரிய வரம். அதை நான் மறுக்கவே இல்ல. என் அத்தையும் மாமாவும் (என் வீட்டுக்காரரோட அம்மா அப்பா) அப்படிப் போயிட்டு வந்து, இன்னைக்கும் அந்த போட்டோவை எல்லாம் எடுத்து வச்சுப் பார்த்துச் சந்தோஷப்படுறாங்க. என் ஆதங்கம் எல்லாம் சின்ன வயசுக்காரங்களைப் பத்தித்தான். புதுசா கல்யாணம் ஆனவங்க, கை கால் நல்லா இருக்கிறவங்க, வெளிநாடுன்னாலே இப்படித்தான் போகணும்னு நினைச்சுக்கிட்டு அந்தப் பெரிய தொகை சேர்ற வரைக்கும் வருஷக்கணக்கா காத்திருக்காங்க. அதுக்குள்ள குழந்தை, வீட்டுக் கடன், ஸ்கூல் பீஸ்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துடுது.

வேற வழி இருக்குங்க. நாங்க போய்ப் பார்த்த வழி.

நானும் இவரும் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்துட்டு, ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கிட்டு 2025 ஜனவரியில கிளம்பினோம். பாங்காக்ல இறங்கி தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம். அப்புறம் ஒரு பிளைட் பிடிச்சு ஜார்ஜியா. அங்கேர்ந்து துருக்கி, பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, ஜெர்மனி.

ஒரே ஒரு கொள்கை வச்சுக்கிட்டோம். தரை வழியாவோ தண்ணி வழியாவோ தாண்ட முடியிற எல்லையை வானத்துல தாண்டக் கூடாது.

பிளைட்ல போனா ஒரு ஏர்போர்ட்லேர்ந்து இன்னொரு ஏர்போர்ட்டுக்குத்தான் போறோம். ரெண்டு ஏர்போர்ட்லயும் அதே கண்ணாடி, அதே ஏசி, அதே விலைக்கு அதே காபி. தரையில போனாத்தான் ஒரு நாடு இன்னொரு நாடா மாறுறது கண்ணுக்குத் தெரியும்.

முதல்ல பையைப் பத்திச் சொல்லிடுறேன். அடிக்கடி கேக்குறாங்க.

ஆளுக்கு 7 கிலோ. ஆசியாவுல சின்ன விலை பிளைட்ல பெரும்பாலும் கையோட கொண்டு போற பைக்கு அதுதான் அளவு. அதைத் தாண்டினா தனிக் காசு. அதை விட முக்கியம், 7 கிலோவை மாட்டிக்கிட்டு ரயில் படி ஏறலாம், படகுல குதிக்கலாம், மழையில ஓடலாம். எனக்கு நாலு செட் துணி, இவருக்கு மூணு. (இவர் ரெண்டே போதும்னார். நான் விடல.) ஈரிழைத் துண்டு ஆளுக்கு ஒண்ணு. கடையில விக்கிற விலை கூடின டிராவல் டவல் எல்லாம் அதுக்குக் கிட்ட வராது. ராத்திரி ஹாஸ்டல் கட்டில் கம்பியில பிழிஞ்சு போட்டா காலையில காய்ஞ்சுடும். மடிச்சா உள்ளங்கை அளவு. தலையில கட்டலாம், வெயிலுக்குப் போத்திக்கலாம், ரொட்டி சுத்தி எடுத்துட்டுப் போகலாம்.

அப்புறம் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் ஊறுகாய். நெய் எடுத்துட்டுப் போகாதீங்க. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வெளியிலேர்ந்து பால் சம்பந்தப்பட்டது, இறைச்சி சம்பந்தப்பட்டது எதையும் கொண்டு போகக் கூடாதுன்னு சட்டம்.

சரி, மீகாங் ஆத்துக்கு வருவோம். இதைப் பத்தி நாள் பூரா பேசச் சொன்னாலும் பேசுவேன்.

தாய்லாந்தோட வடக்கு ஓரத்துல சியாங் கோங்னு ஒரு சின்ன ஊரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஹுவாய் சாய், அது லாவோஸ். முன்னாடி எல்லாம் சின்னப் படகுலதான் அக்கரைக்குப் போவாங்களாம். 2013 டிசம்பர்ல பாலம் திறந்தாங்க. பாலத்து மேல நடக்க விடமாட்டாங்க, ஒரு பஸ்ல ஏத்தி அந்தப் பக்கம் விடுவாங்க. அந்தச் சின்ன பஸ் பயணத்துல ஒரு விஷயம் நடக்கும், கவனிக்காம விட்டுடாதீங்க. தாய்லாந்துல வண்டி நம்ம ஊரு மாதிரி ரோட்டுக்கு இடது பக்கம் போகும். லாவோஸ்ல வலது பக்கம். அதனால ஒரு இடத்துல சிக்னல் போட்டு நிறுத்தி, வண்டிங்களைப் பக்கம் மாத்தி விடுறாங்க. பஸ் அப்படியே சாய்ஞ்சு எதிர்ப் பக்கம் ஏறிச்சு. நான் இவர் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். "ஏங்க, நாடு மாறிடுச்சு!"ன்னேன். இவர் அதை வீடியோ எடுக்கணும்னு போனைத் தேடுறதுக்குள்ள மாறி முடிஞ்சுடுச்சு.

அங்கேர்ந்து லுவாங் பிரபாங் ஊருக்கு ஸ்லோ போட். சுமார் 300 கி.மீ., ரெண்டு நாள். நடுவுல பாக்பெங்னு ஒரு கிராமத்துல ராத்திரி தங்கணும்.

நீளமான மரப் படகு. பழைய வேன்லேர்ந்து கழட்டின சீட்டுங்களை வரிசையா போட்டிருக்காங்க. பின்னாடி இன்ஜின், அதுக்கும் பின்னாடி படகுக்காரர் குடும்பம் குடியிருக்கு. அடுப்பு, பாத்திரம், துணிக்கொடி, தூளி எல்லாம் அங்கேயேதான். அவர் ஓட்டுறார், அந்தம்மா நூடுல்ஸும் காபியும் விக்கிறாங்க, அவங்க பொண்ணு எங்க நடுவுல ஓடி விளையாடுது.

ஜனவரிக் காலை அந்த ஆத்துல நல்லாவே குளிரும். பனி மூட்டம் தண்ணி மேலேயே நிக்கும். கொஞ்ச தூரத்துக்கு வலது கரை தாய்லாந்து, இடது கரை லாவோஸ். அதுக்கப்புறம் ரெண்டு கரையும் லாவோஸ்தான். ஆத்து நடுவுல கறுப்புக் கறுப்பா பாறைங்க. படகுக்காரர் அதுங்களுக்கு நடுவுல புகுந்து புகுந்து போறார். எந்தப் பாறை எங்க இருக்குன்னு அவருக்கு மனப்பாடம்.

வழியில படகுத்துறைன்னு எதுவும் கிடையாது. மணல் திட்டுல யாராவது கையைக் காட்டினா படகு அங்க மூக்கை முட்டி நிக்குது. மூட்டை ஏறும், கோழி ஏறும், ஒரு தடவை ஒரு மோட்டார் பைக்கே ஏறிச்சு. அப்படி ஏறின ஒரு பாட்டிம்மா எனக்குப் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. மடியில ஒரு மூங்கில் கூடை, மூடி போட்டது. மத்தியானம் ஆனதும் திறந்தாங்க. உள்ள ஒட்டுற அரிசிச் சோறு. லாவோஸ்ல அதுதான் சாப்பாடே. ராத்திரியே ஊற வச்சு, மூங்கில் கூம்புல போட்டு ஆவியில வேக வைப்பாங்க. வடிக்கிற வேலை இல்ல.

அவங்க ஒரு உருண்டையைக் கிள்ளி, விரலாலயே அமுக்கி, காரத் துவையல்ல தொட்டு வாயில போட்டுக்கிட்டாங்க. அப்புறம் கூடையை என் பக்கம் நகர்த்தினாங்க. நானும் கிள்ளி, உருட்டி, தொட்டுச் சாப்பிட்டேன். பாட்டிம்மா என் கையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பக்கத்து சீட்டுல எல்லாரும் முள்கரண்டி வச்சிருந்தப்போ, சோத்தை விரலால எடுக்கத் தெரிஞ்ச ஒருத்தி கிடைச்ச சந்தோஷம் அவங்க முகத்துல தெரிஞ்சுது. ஒரு வார்த்தை பேசிக்கல. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் என் பருப்புப் பொடியைக் கொஞ்சம் அந்த மூடியில கொட்டினேன். தொட்டுச் சாப்பிட்டுட்டு, இன்னும் கொஞ்சம்னு மூடியை நீட்டினாங்க!

இது எந்த நோட்டீஸ்லயும் வராது. பிளைட்ல போயிருந்தாலும் கிடைச்சிருக்காது. ஒரே படகுல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்ததாலதான் கிடைச்சுது.

லுவாங் பிரபாங் நெருங்கும்போது பாக் ஊ குகைங்க. செங்குத்தான பாறையில ரெண்டு குகை, உள்ள நிறைய புத்தர் சிலைங்க. ஊர் 1995-லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. விடிகாலையில பிக்குங்க வரிசையா பிச்சைக்கு வருவாங்க, ஊர்க்காரங்க மண்டி போட்டுச் சோத்து உருண்டையைப் பாத்திரத்துல போடுவாங்க. அங்க டூரிஸ்ட்டுங்க பண்றது எனக்குச் சகிக்கவே இல்ல. முகத்துக்கு நேரா பிளாஷ் அடிக்கிறாங்க. அது ஷோ இல்லீங்க, அவங்க சாப்பாடு, அவங்க வழிபாடு. போனா ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் நின்னு, சத்தம் போடாம பாருங்க. தோள், முழங்கால் மூடின துணி போட்டுக்குங்க.

அங்கேர்ந்து தலைநகர் வியன்டியானுக்கு இப்ப ரயில் வந்துடுச்சு. லாவோஸ்–சீனா ரயில், 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது. மலை ரோட்டுல பகல் பூரா பஸ்ல குலுங்கிப் போன தூரம் இப்ப ரெண்டு மணி நேரம். (ஸ்டேஷன்ல பையைச் சோதிச்சு ஸ்பிரே டப்பா, கத்தி எல்லாம் எடுத்துடுவாங்க. கொசு ஸ்பிரே கொண்டு போகாதீங்க, களிம்பு வாங்கிக்குங்க.)

வியன்டியான்ல கோப் மையத்துக்குக் கட்டாயம் போங்க. வெடிகுண்டுல கை கால் போனவங்களுக்குச் செயற்கைக் கால் செஞ்சு கொடுக்கிற இடம். 1964-லேர்ந்து 1973 வரைக்கும் அமெரிக்கா லாவோஸ் மேல இருபது லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டுச்சு. அதுல கொத்துக் குண்டுங்க ஏராளம் வெடிக்காம மண்ணுக்குள்ள கிடக்குது. வயல்ல மண்வெட்டி படும்போது, குழந்தைங்க பந்துன்னு நினைச்சு எடுக்கும்போது வெடிக்குது, இன்னைக்கும். அந்த ஹால்ல பழைய செயற்கைக் கால்ங்களைக் கூரையிலேர்ந்து தொங்க விட்டிருக்காங்க. சிலது மூங்கில், சிலது தகரம், ஜனங்க தாங்களே செஞ்சு மாட்டிக்கிட்டது. வெளிய வந்து நானும் இவரும் ரொம்ப நேரம் பேசிக்கவே இல்ல. படகுல சிரிச்ச முகங்களை எல்லாம் நான் திரும்ப ஒரு தடவை நினைச்சுப் பார்த்தேன்.

வியட்நாமுக்குப் பஸ். வியட்நாம் இ-விசா 25 டாலர், 2023 ஆகஸ்ட்லேர்ந்து 90 நாள் வரைக்கும் கொடுக்கிறாங்க. ஆனா படிவத்துல எந்த எல்லை வழியா நுழையறோம்னு தேர்ந்தெடுக்கணும். தரை வழியா போறவங்க அந்தப் பட்டியலை நிதானமா படிச்சு, நீங்க போற செக்போஸ்ட் அதுல இருக்கான்னு பார்த்துக்குங்க. எங்களோடது காவ் சேவ், மலை மேல. பஸ் இருட்டுல போய் நிக்கும், எல்லைக் கதவு திறக்க விடியணும். அந்தக் குளிர்ல டிரைவர்லேர்ந்து பயணி வரைக்கும் எல்லாரும் ஒரே அடுப்பைச் சுத்திக் குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தோம்.

ஹனோயிலேர்ந்து சைகோன் வரைக்கும் 1,726 கி.மீ. ரயில் பாதை. அதுல நடுநடுவுல இறங்கி ஏறிப் போனோம். இவருக்கு அந்த ரயில் மேல ஒரே காதல், ஏன்னா அது மீட்டர் கேஜ்! செங்கோட்டை–புனலூர் லைன்ல மீட்டர் கேஜ் 2010-ல நின்னப்போ வருத்தப்பட்ட ஆளு இவரு. இங்க ஒரு நாட்டோட முதுகெலும்பே மீட்டர் கேஜ்தான். 1936-ல முடிச்ச பாதை, போர்ல நாடு ரெண்டானப்போ பாதையும் துண்டாச்சு, 1976 கடைசியிலதான் திரும்ப இணைச்சாங்க. ஹுயேக்கும் டா நாங்குக்கும் நடுவுல ஹாய் வான் கணவாய். ரயில் மலையை ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு போக, கீழ கடல். தெற்கு நோக்கிப் போறவங்க இடது பக்க ஜன்னலைப் பிடிங்க.

நான் சைவம். "பட்டினி கிடந்தியா?"ன்னு கேக்காத ஆளே இல்ல. வியட்நாம்ல நான் ராணி மாதிரி சாப்பிட்டேன். அங்க பௌத்தர்கள் நிறைய பேர் அமாவாசை, பௌர்ணமிக் கணக்குல மாசம் ரெண்டு நாள் சைவம் சாப்பிடுவாங்க. அதனால ஊருக்கு ஊர் சுத்த சைவக் கடைங்க இருக்கு. நம்ம வீட்டுல அமாவாசைக்கு அம்மா அடுப்பைக் கழுவி விடுறது ஞாபகம் வந்துச்சு.

இப்ப ஒரு கசப்பான விஷயம். இந்திய பாஸ்போர்ட்.

ஒரு கவுன்டர்ல எங்களை மட்டும் வரிசையிலேர்ந்து தள்ளி நிக்க வச்சு, "திரும்பிப் போற டிக்கெட் எங்க?"ன்னு கேட்டாங்க. எங்களுக்கு முன்னாடி போன வெள்ளைக்காரத் தம்பதியை அந்தக் கேள்வி கேக்கல. தரை வழியா அடுத்த நாட்டுக்குப் போறோம்னு சொன்னா கவுன்டர்ல இருந்த பையன் நம்பல. இவர் பொறுமையா விசா, இன்சூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட்னு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினார். விட்டாங்க. ஆனா அந்த நேரம் மனசு சுருங்கிப் போனது உண்மை. இது நியாயம் இல்ல. நியாயம் இல்லேன்னு சொல்லிக்கிட்டே, எல்லாக் காகிதத்தையும் பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க. போன்ல இருக்கிறது அந்த நேரத்துக்கு உதவாது.

ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா வாங்குறதும் பெரிய வேலைதான். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ், தங்குற இடம், போற வழி, வங்கிக் கணக்கு எல்லாம் கேப்பாங்க. அதிக நாள் எந்த நாட்டுல இருப்பீங்களோ அந்த நாட்டுத் தூதரகத்துலதான் அப்ளை பண்ணணும். பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே போடலாம், அதனால ஊர்லயே முடிச்சுட்டுக் கிளம்பலாம். எந்த 180 நாளை எடுத்துக்கிட்டாலும் அதுல 90 நாளைத் தாண்டக் கூடாது. ஆனா அந்த ஒரு ஸ்டிக்கர் செல்லுபடியா இருந்தா மத்த கதவுங்களும் திறக்குது. ஜார்ஜியாவுக்குத் தனி விசா வேணாம், துருக்கிக்கு ஆன்லைன்லயே இ-விசா. (விதிங்க மாறிக்கிட்டே இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி அந்தந்த நாட்டு அரசாங்க வெப்சைட்ல ஒரு தடவை பாருங்க.)

ஜார்ஜியா–துருக்கி எல்லைதான் எனக்கு எல்லாத்துலயும் பிடிச்சது. ஏன்னா அங்க நிஜமாவே நடந்து தாண்டலாம்.

பதுமிங்கிற ஊர்லேர்ந்து ஒரு வேன்ல சார்பிங்கிற எல்லைக் கிராமம். இந்தப் பக்கம் கருங்கடல், கூழாங்கல் கரையில ஜனங்க துண்டு விரிச்சுப் படுத்திருக்காங்க. அதை ஒட்டியே வெள்ளை வெளேர்னு எல்லைக் கட்டடம். ஒரு பக்கம் குளியல், இன்னொரு பக்கம் கஸ்டம்ஸ். பையை மாட்டிக்கிட்டு நீளமான ஒரு வராந்தாவுல நடந்தா, வெளிய வர்ற இடம் துருக்கி.

அந்தக் கிராமமே ரெண்டா கிழிஞ்ச கிராமம். 1921-ல போட்ட ஒப்பந்தத்துல கோடு ஊருக்கு நடுவுல விழுந்துச்சு. சோவியத் காலத்துல அந்தக் கதவை இறுக்கிச் சாத்திட்டாங்க. கூப்பிடு தூரத்துல இருக்கிற அக்கா வீட்டுக்கு, தங்கச்சி போக முடியாது. 1988-லதான் திறந்தாங்க. நாங்க நடந்தப்போ எங்களுக்கு முன்னாடி ரெண்டு பெரியம்மாங்க காய்கறிப் பையோட சாதாரணமா போயிட்டு இருந்தாங்க. அந்தச் சாதாரணம் எவ்வளவு பெரிய விஷயம்!

தாண்டினதும் தேயிலைத் தோட்டம். ரீசேங்கிற ஊர் வரைக்கும் மலைச்சரிவு முழுக்கப் பச்சை. எனக்கு வால்பாறை ரோடேதான் ஞாபகம். இந்தத் தேயிலையும் அந்த எல்லையைத் தாண்டி வந்ததுதான். ஜிஹ்னி டெரின்னு ஒரு விவசாய அதிகாரி போன நூற்றாண்டுல பதுமியிலேர்ந்து விதை கொண்டு வந்து போட்டார். இன்னைக்குத் துருக்கியில டீ இல்லாம ஒரு பேச்சு ஆரம்பிக்காது. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கெட்டில், மேல கெட்டியான டிகாக்ஷன், கீழ வெந்நீர். நம்ம வீட்டு டிகாக்ஷன் கணக்குதான். இடுப்பு ஒடுங்கின சின்னக் கண்ணாடி டம்ளர், பால் கிடையாது. இவர் மூணு நாள் பாலுக்கு ஏங்கினார், அப்புறம் அதுக்கே அடிமை.

தூரப் பஸ்ல ஒரு பையன் வந்து எல்லார் கையிலயும் எலுமிச்சை வாசனைக் கொலோன் ஊத்துவான், அப்புறம் டீ. பஸ் பயணிக்கு இவ்வளவு மரியாதையான்னு மனசு நிறைஞ்சுடுச்சு.

இஸ்தான்புல்ல கடலுக்கு அடியில மர்மராய் ரயில் இருக்கு, 2013-லேர்ந்து ஓடுது. வேகமா போகணும்னா அது. நீங்க கப்பல்லயே போங்க. காத்திக்கோய்ங்கிறது ஆசியா, எமினோனு ஐரோப்பா. சுமார் 20 நிமிஷம். மேல்தட்டுல உக்காந்து ஆசியாவுல வாங்கின டீயை ஐரோப்பாவுல முடிச்சோம். கடல் காக்காங்க கூடவே பறந்து வந்துச்சுங்க. ஒரு கண்டத்துலேர்ந்து இன்னொரு கண்டத்துக்கு டவுன் பஸ் காசுல போற ஊரு அது. தினம் ஆபீஸ் போறவங்க பேப்பர் படிச்சுக்கிட்டே கண்டம் தாண்டுறாங்க.

அங்கேர்ந்து சோபியாவுக்கு ராத்திரி ரயில். ஹல்காலி ஸ்டேஷன்லேர்ந்து கிளம்புது. ரெண்டு பேருக்கான தனி ரூம், சின்ன வாஷ்பேசின், சின்ன பிரிட்ஜ் எல்லாம் இருக்கு. தம்பதியா போறவங்க அதைப் பிடிங்க. ஆனா நல்லாத் தூங்கும்போது கதவைத் தட்டுவாங்க. கபிகுலே எல்லை. எல்லாரும் இறங்கி, நடுராத்திரி குளிர்ல பாஸ்போர்ட் வரிசை, பைக்கு எக்ஸ்ரே. முன்னாடி ஒரு கைக்குழந்தைக்காரி நின்னா. வரிசையில யாரும் எதுவும் சொல்லல, தானா விலகி அவளை முன்னாடி அனுப்பிட்டாங்க. ரயில் மறுபடி நகர்ந்து நின்னதும் பல்கேரிய அதிகாரி பெட்டிக்கே வந்தார். எங்க பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் கூடுதல் நேரம் புரட்டினார். சீல் விழுந்துச்சு. டக்குனு அந்தச் சத்தம்! அந்தச் சத்தத்துக்கும் முடிவு வந்துடுச்சு. 2025 அக்டோபர் 12-லேர்ந்து படிப்படியா சீலுக்குப் பதிலா கைரேகையும் போட்டோவும் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

சோபியாவைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறாங்க. எனக்கு அது பெரிய வருத்தம். பழைய குளியல் மாளிகைக்குப் பக்கத்துல வெதுவெதுன்னு கனிமத் தண்ணி குழாய்ல கொட்டிக்கிட்டே இருக்கு, இலவசம். தாத்தா பாட்டிங்க கேன் கேனா பிடிச்சுட்டுப் போறாங்க. அப்புறம் தயிர்! ஆவின் பாக்கெட்டைப் பார்த்து வளர்ந்தவ நான். அங்க ஆட்டுப்பால் தயிர், எருமைத் தயிர், பசுந்தயிர்னு தனித்தனி. கத்தியால வெட்டலாம், அவ்வளவு கெட்டி. தயிரை உறைய வைக்கிற அந்த நுண்ணுயிரை 1905-ல கண்டுபிடிச்சதே ஸ்டாமென் கிரிகோரோவ்ங்கிற பல்கேரிய மாணவர்தான். ஹாஸ்டல் அடுப்புல சோறு வடிச்சு, அந்தத் தயிரைப் போட்டுப் பிசைஞ்சு, ஊறுகாயோட நாங்க சாப்பிட்டதைப் பார்த்து ஒரு போலந்துப் பொண்ணு தட்டை எடுத்துட்டு வந்துட்டா. (ஹாஸ்டல் கிச்சன்ல கடுகு தாளிக்காதீங்க. புகை அலாரம் உடனே அடிக்கும். பொடி போதும்.)

பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1-லேர்ந்து தரை வழியிலயும் முழு ஷெங்கன். அதனால ரூசேங்கிற ஊர்ல டான்யூப் ஆத்துப் பாலத்தைத் தாண்டினப்போ வரிசையே இல்ல. 1954-ல கட்டின இரும்புப் பாலம், கீழ அகலமான ஆறு. மீகாங்ல படகுக்காரர் பாறைங்களுக்கு நடுவுல புகுந்து போனதும், சார்பியில பெரியம்மாங்க நடந்ததும் ஒண்ணா ஞாபகம் வந்துச்சு.

அதுக்கப்புறம் புடாபெஸ்ட், வியன்னா, ஜெர்மனி எல்லாம் எல்லாரும் எழுதினதுதான், நான் நீட்டல. ரெண்டு மூணு காசு விஷயம் மட்டும். வியன்னாவுல தண்ணி பாட்டில் வாங்காதீங்க. 1873-லேர்ந்து ஆல்ப்ஸ் மலை ஊத்துத் தண்ணிதான் குழாய்ல வருது. ஜெர்மனியில பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் டெபாசிட், சூப்பர் மார்க்கெட் மெஷின்ல திரும்பப் போட்டா காசு. அங்க ஞாயித்துக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கிடுங்க. லோக்கல் ரயில், பஸ், டிராம் எல்லாத்துக்கும் மாசம் ஒரே டிக்கெட் இருக்கு. நாங்க போனப்போ 58 யூரோ, 2026-லேர்ந்து 63. வேக ரயில்ல அது செல்லாது, ஆனா சின்னச் சின்ன ஊரா பார்த்துட்டுப் போறவங்களுக்கு அதுக்கு மேல என்ன வேணும்?

கடைசியா, தம்பதியா போறதைப் பத்தி.

"சண்டையே வராதா?"ன்னு கேக்குறாங்க. வரும். முக்கால்வாசிச் சண்டை பசியில வரும். அதனால பசியோட எந்த முடிவும் எடுக்கிறதில்லைன்னு வச்சுக்கிட்டோம். ஊர் போய் இறங்கினதும் முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் ரூம், மேப், டிக்கெட் எல்லாம். ஒரு நாள் நான் வழி சொல்லுவேன், அடுத்த நாள் இவர். அவங்க அவங்க நாள்ல மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது. வாரத்துல ஒரு சாயங்காலம் தனித்தனியா சுத்துவோம். இவர் ரயில் மியூசியம் போவார், நான் சந்தைக்கு. ராத்திரி சந்திச்சா பேசுறதுக்கு அவ்வளவு விஷயம் இருக்கும்! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. வீட்டுல எங்களுக்கு வாய்ச்ச பேச்செல்லாம் கேஸ் சிலிண்டர், ஈபி பில், நாளைக்கு என்ன டிபன். அங்க, முன்னப்பின்ன தெரியாத ஒரு ஸ்டேஷன்ல, அடுத்த ரயில் எந்தப் பிளாட்பாரம்னு ரெண்டு பேரும் ஒரே பலகையை அண்ணாந்து பார்த்துட்டு நிக்கிறப்போ, நாங்க ஒரு கட்சி.

"வா ம்மா, ஓடலாம்"னு இவர் என் பையையும் சேர்த்துப் பிடிச்சு இழுத்துட்டு ஓடின பிளாட்பாரங்களை நான் மறக்க மாட்டேன்.

அதனால புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு, கல்யாணமாகி ரொம்ப நாள் ஆனவங்களுக்கும், கையெடுத்துக் கேக்குறேன். பெரிய தொகை சேரட்டும்னு காத்திருக்காதீங்க. ரெண்டு வாரம் லீவு கிடைச்சாலே போதும், ஒரே ஒரு எல்லையைத் தரையில தாண்டிப் பாருங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, நான் லாவோஸைத்தான் சொல்லுவேன். பாஸ்போர்ட் காலாவதி ஆக 6 மாசத்துக்கு மேல இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. கசங்காத டாலர் நோட்டா கொஞ்சம் வச்சுக்குங்க, காலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்குங்க. ஸ்லோ போட்டுக்குச் சீக்கிரமே போய் முன்பக்க சீட்டைப் பிடிச்சுடுங்க, பின்னாடி உக்காந்தா இன்ஜின் சத்தத்துல ரெண்டு நாளும் ஒருத்தர் பேசுறது இன்னொருத்தர் காதுல விழாது.